வாசகர் கேள்வி – பதில்: விசாரணை இல்லாத சிறை

கேள்வி: 1975இல் வந்ததைப் போன்ற நெருக்கடி நிலை இனி இந்தியாவில் வரவே முடியாது, அரசமைப்பின் 44ஆவது திருத்தம் அந்தக் கதவை அடைத்துவிட்டது என்கிறார் என் நண்பர். உண்மையா? (ச.வே., கும்பகோணம்)

பதில்: பாதி உண்மை. 1975 ஜூன் 25 இரவு பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டபோது மத்திய அமைச்சரவைக்கே செய்தி தெரியாது. மறுநாள் விடியற்காலையில் கூட்டிய கூட்டத்தில்தான் அமைச்சர்கள் ஒப்புதல் அளித்தார்கள். அதற்குள் எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் கைதாகியிருந்தனர். டெல்லி பகதூர்ஷா ஜாஃபர் சாலையில் இருந்த நாளிதழ் அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. ஜனதா ஆட்சி 1978இல் கொண்டுவந்த 44ஆவது திருத்தம் இந்த ஓட்டைகளில் பெரும்பாலானவற்றை அடைத்தது. எதற்கும் பொருந்தக்கூடிய 'உள்நாட்டுக் குழப்பம்' நீங்கி, அந்த இடத்தில் 'ஆயுதமேந்திய கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்ய இயலாது. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காப்பான 21ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் முடக்கிவைக்க முடியாது.

அடைபடாமல் நின்ற ஓர் ஓட்டையும் உண்டு. தடுப்புக்காவலில் (இனிமேல் தவறு செய்யக்கூடும் என்று விசாரணையின்றி அடைப்பது) வைக்கப்பட்ட ஒருவரை, அந்தக் காவல் சரியா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுமத்தின் கருத்தைப் பெறாமலே மூன்று மாதம் வரை சிறையில் வைத்திருக்க அரசமைப்பின் 22ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இதை இரண்டு மாதமாகக் குறைத்ததோடு, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அந்தக் குழுமம் அமைய வேண்டும் என்றும் அதே 44ஆவது திருத்தத்தின் 3ஆவது பிரிவு கூறியது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பிரிவு எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கும் பொறுப்பு மத்திய அரசிடம் விடப்பட்டது. அந்த நாளை இன்றுவரை எந்தக் கட்சியின் அரசும் அறிவிக்கவில்லை. நெருக்கடி நிலையைக் கண்டித்து ஆண்டுதோறும் உரையாற்றுகிறவர்களும் இதில் அடக்கம்.

கேள்வி: அரசு வரம்பு மீறினால் தட்டிக் கேட்க நீதிமன்றம் இருக்கிறதே, பிறகு ஏன் இத்தனை அச்சம்? (ஆசிரியை ஒருவர், விருதுநகர்)

பதில்: நெருக்கடி நிலையில், விசாரணையின்றிச் சிறைவைக்க இடம் தந்த மிசா சட்டத்தில் சுமார் 35,000 பேர் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், அவர்களுடைய ஆட்கொணர்வு மனுக்களை (சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோருபவை) விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் துணிந்து கூறின. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரின் உயிரே பறிக்கப்பட்டாலும் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டபோது, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஜபல்பூர் வழக்கு என்று அறியப்படும் அதில், 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். அவர்களுள் ஒருவரான எம்.எச். பேக், கைதிகள் நல்ல இடத்தில் நல்ல உணவோடு கிட்டத்தட்டத் தாயின் பரிவோடு கவனிக்கப்படுவதாகத் தம் தீர்ப்பில் எழுதினார்.

அந்தத் தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்னால், தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட கையோடு, சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அடிபட்டவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு மறு ஆண்டு இறந்தார். நடந்ததை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்துப் பதிவுசெய்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய கன்னாவை ஒதுக்கிவிட்டு, 1977 ஜனவரியில் அவருக்கு இளையவரான பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். ஜபல்பூர் தீர்ப்பு தவறானது என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொன்னது 2017 ஆகஸ்டில், அந்தரங்க உரிமை வழக்கில். நீதிமன்றம் இருக்கிறது என்பது உண்மைதான். அது 41 ஆண்டு கழித்துப் பேசினால் உள்ளே இருந்தவனுக்கு என்ன பயன்?

கேள்வி: குண்டர் சட்டம் ரவுடிகளுக்குத்தானே? ஒழுங்காக இருப்பவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? (மு.க., ஓசூர்)

பதில்: 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தபோது கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள் என்று சில வகையினரே அதில் இருந்தார்கள். பிறகு வனக் குற்றவாளிகள், திருட்டு வீடியோ தயாரிப்போர், மணல் கொள்ளையர், இணையக் குற்றவாளிகள், பாலியல் குற்றவாளிகள் என்று ஒவ்வொருவராகச் சேர்க்கப்பட்டு, இன்று சட்டத்தின் பெயரே ஒரு பத்தி நீளம் இருக்கிறது. மிசாவில் அடிபட்டவர்கள் ஆட்சிக்கு வந்தபோதும் இதை நீக்கவில்லை.

'குண்டாஸ் போடுவது' பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் சாதாரண வழக்கொன்றில் ஏற்கெனவே சிறையில் இருப்பார். அவர் பிணையில் வெளிவரும் வாய்ப்பு உள்ளது, வந்தால் பொது ஒழுங்குக்குக் கேடு என்று காவல் துறை ஆட்சியருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ எழுதும். ஆணை சிறைக்குள்ளேயே வழங்கப்படும். அதன்பின் குற்றத்தை மெய்ப்பிக்காமலே 12 மாதம் வரை அடைத்துவைக்கலாம். சாட்சிகளை மிரட்டும் ரவுடியைப் பிணையில் விட்டால் வழக்கே நிற்காது என்ற காவல் துறையின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதற்குப் பிணையை எதிர்ப்பதும், மீறினால் ரத்து செய்யக் கோருவதும் சட்டத்தில் உள்ள வழிகள். அவற்றில் நீதிபதியிடம் காரணம் காட்டியாக வேண்டும் என்பதால்தான் குறுக்கு வழி இனிக்கிறது.

காலாவதியான மருந்துகளை விற்றதாகச் சென்னையில் ஒருவர் மீது இச்சட்டம் பாய்ந்த வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் காவலை ரத்து செய்தது. வழக்கமான சட்டங்களே போதுமான இடத்தில் தடுப்புக்காவல் கூடாது என்றது. 2017இல் மெரினாவில் ஈழ நினைவேந்தல் நடத்த முயன்றவர்கள் மீதும் குண்டர் சட்டம் பாய்ந்தது. சில மாதங்களுக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மெழுகுவத்தி ஏந்த வந்தவர்கள் குண்டர்களா என்று ஓசூர் வாசகரே சொல்லட்டும். ரத்தானாலும் கழிந்த மாதங்கள் திரும்பாது. ஆணையிட்ட அதிகாரியையோ, 'நல்லெண்ணத்துடன் செய்த செயல்' என்ற பிரிவு காப்பாற்றிவிடும்.

கேள்வி: உறவினர் ஒருவர் மீது இந்தச் சட்டம் போடப்பட்டால் வீட்டார் உடனே செய்ய வேண்டியது என்ன? (பெயர் வேண்டாம், சேலம்)

பதில்: காவலுக்கான காரணங்களை ஐந்து நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்றால் இணைப்பு ஆவணங்கள் தமிழில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். படிக்க முடியாத நகல், விட்டுப்போன மொழிபெயர்ப்பு ஆகியவற்றாலேயே பல ஆணைகள் ரத்தாகியிருக்கின்றன. அரசுக்கு முறையீட்டு மனுவை உடனே அனுப்பி, அனுப்பிய தேதிக்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். விளக்கமில்லாத தாமதத்தோடு அரசு அதைப் பரிசீலித்தால் அதுவும் உங்களுக்குச் சாதகமே. ஆலோசனைக் குழுமத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது, ஆனால் வழக்கறிஞர் அல்லாத நண்பரோ உறவினரோ உடன் நின்று உதவலாம். குழுமத்தின் முடிவுக்காகக் காத்திராமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம்.