விதிகள் இருக்கட்டும், முதலில் ஏர்ல் வீவர்

பால்டிமோருக்கு வந்து நான்கு மாதமாகியும், மதிய உணவு மேசையில் எல்லோரும் ஓரியோல்ஸ் அணியைப் பற்றிப் பேசும்போது ஊமையாக உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. பேஸ்பால் விதிகளை எங்கே படிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். விதிகள் மெதுவாக வரட்டும். அந்த அணியின் பழைய மேனேஜர் ஏர்ல் வீவரைத் தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள்.

இந்த ஆட்டத்தில் மேனேஜர் என்பவர் கோப்பு பார்ப்பவர் அல்லர். யாரை இறக்குவது, பந்து வீசுபவரை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் முடிவு. சீருடைகூட அணிந்திருப்பார். வீவர் 1968 முதல் 1982 வரையும், பிறகு 1985, 1986-லும் ஓரியோல்ஸை நடத்தினார். 1,480 வெற்றிகள், 1970-இல் உலகத் தொடர் என்னும் இறுதிப் பட்டமும். இத்தனைக்கும் மேஜர் லீக் என்ற உச்சநிலைப் போட்டிகளில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

ஆனால் இந்த ஊர்க்காரர்கள் கண் மின்னச் சொல்வது அவருடைய சண்டைகளைத்தான். குள்ளமான மனிதர். தொப்பியின் விளிம்பு இடிக்காதபடி அதைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு, நடுவரின் மூக்கருகே நின்று கத்துவார். காலால் மண்ணை உதைப்பார். விதிப் புத்தகத்தைக் கிழித்ததும் உண்டு. 90 தடவைக்கு மேல் மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். 1969 உலகத் தொடரில்கூட!

வெறும் முன்கோபி என்று எண்ணிவிடாதீர்கள். எந்த மட்டையாளர் எந்தப் பந்துவீச்சாளரை எப்படி அடித்திருக்கிறார் என்று அட்டைகளில் குறித்துவைத்து, அதன்படி ஆட்களை இறக்கியவர். ஒரே ஒரு ஓட்டத்துக்காக ஓர் ஆளை அவுட்டாக்கிப் பலிகொடுப்பது அவருக்குப் பிடிக்காது. பந்தை வேலிக்கு அப்பால் அடித்து மூன்று ஓட்டம் தரும் ஹோம் ரன்னுக்குக் காத்திருப்பார். நீங்கள் தரவுத் துறைக்காரர், இதை வைத்தே ஒரு வாரம் பேசலாம்.

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது தக்காளியால். பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு வருடம் தலையசைப்பதோடு சரி. ஒரு கோடையில் வேலியோரம் நான் தக்காளி நட்டதும் தானாக வந்தார். ஓரியோல்ஸின் பழைய மெமோரியல் மைதானத்தின் ஓரத்திலேயே வீவரும் மைதானப் பராமரிப்பாளரும் போட்டி போட்டுத் தக்காளி வளர்த்த கதையைச் சொன்னார். இருட்டும்வரை பேச்சு ஓயவில்லை. 1982-இன் கடைசி ஆட்டத்தில் தோற்ற பிறகும் கலையாமல் வீவருக்குக் கைதட்டிய கூட்டத்தில் அவரும் நின்றிருந்தாராம்.

2013 ஜனவரியில், ஓரியோல்ஸ் ரசிகர்களோடு கப்பல் பயணம் போன இடத்தில் வீவர் இறந்தார். செய்தி கேட்டதும் நம் வழக்கப்படி பெரியவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்தேன். கிறுக்குத்தனம் என்று மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, காப்பி போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரலில் ஒருநாள் லைட் ரயில் பிடித்து ஓரியோல்ஸின் இப்போதைய மைதானமான கேம்டன் யார்ட்ஸுக்குப் போய்வாருங்கள். வீவர் சிலை அங்கே இருக்கிறது. தேசிய கீதம் முடியப்போகும் சமயத்தில் அரங்கமே 'ஓ' என்று அலறும். பயந்துவிடாதீர்கள், அது ஓரியோல்ஸின் ஓ.