கத்திரி வெயிலில் மின்கட்டணம்: கேள்வி பதில்

ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். தமிழ்நாட்டு வீடுகளையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கையும் மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன்.

ஐயா, செல்போன் சார்ஜரைத் தவறாமல் பிடுங்கி வைக்கிறோம். ஆனாலும் பில் குறையவில்லையே? (திருச்சி)

குறையாது. போன் மாட்டாத சார்ஜர் இழுக்கும் மின்சாரம் இரண்டு மாதத்தில் ஒரு யூனிட்கூட ஆகாது. ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே, வாட் அதிகம் உள்ளதையும் நெடுநேரம் ஓடுவதையும் பிடியுங்கள். கோடையில் அவை ஏசி, பிரிட்ஜ், மின்விசிறி, தண்ணீர் மோட்டார். ரிமோட்டில் மட்டும் அணைக்கப்படும் செட்டாப் பாக்ஸ், சார்ஜரைவிட மோசம். அதைச் சுவிட்சிலேயே அணையுங்கள்.

வீட்டில் இருபது வருடப் பழைய மின்விசிறிகள் நான்கு. நன்றாகத்தான் ஓடுகின்றன. மாற்றுவது வீண் செலவா?

நான்கையும் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடுவதை மட்டும் மாற்றுங்கள். பழையது 75 வாட் என்றால் தினம் பதினாறு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 72 யூனிட் ஆகிறது. பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் சுழலும் புதுவகை மோட்டார்) விசிறி 30 வாட்டில் ஓடும். அதே நேரத்துக்கு 29 யூனிட். விருந்தினர் அறையில் மாதத்துக்கு இரண்டு நாள் சுற்றும் விசிறியை மாற்றினால் போட்ட பணம் திரும்புவதற்குள் உங்கள் பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

பெரிய பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது மிச்ச மின்சாரத்தை அது சூடாக்கி வீணடிக்கிறது. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்த நஷ்டம் மிகக் குறைவு. பிஎல்டிசி விசிறிக்கோ ரெகுலேட்டரே தேவையில்லை. வாடகை வீட்டுக்காரர்கள் தயங்க வேண்டாம். காலி செய்யும்போது விசிறியையும் எடுத்துப் போகலாம்.

இன்னொன்று: மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்தி ஆளைக் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் பயனில்லை.

ஏசியை 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்கிறார் என் வீட்டுக்காரர். நான் 26 என்கிறேன். யார் சொல்வது சரி, ஐயா? (வேலூர்)

நீங்கள் சொல்வதுதான், அம்மா. அறை கொதித்துக் கிடக்கும்போது 18 என்றாலும் 26 என்றாலும் கம்ப்ரசர் ஏறக்குறைய முழு வேகத்தில்தான் ஓடும். கம்ப்ரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகையிலும் அப்படித்தான். வேறுபாடு அதற்குப் பிறகு. 26 வந்ததும் அது ஓய்வெடுக்கும் அல்லது வேகம் குறையும். 18 வரவேண்டும் என்று காத்திருந்தால் மே மாத மதியத்தில் நிற்கவே நிற்காது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. நட்சத்திரக் குறியீடு பெற்ற புதிய ஏசிகள் 2020 முதல் 24-இல் தொடங்குவதும் இதனால்தான். 26, கூடவே மெதுவாக மின்விசிறி: வீட்டுக்காரருக்கும் குளிரும். பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

எங்களுடையது மேல்தளம். பகலைவிட இரவில்தான் வெந்து போகிறோம். ஏசி வாங்கத்தான் வேண்டுமா? (மதுரை)

முதலில் மொட்டைமாடிக்குப் போங்கள். கான்கிரீட் தளம் பகல் முழுதும் வெயிலைக் குடித்து, இரவில் அதை உங்கள் தலைமேல் இறக்குகிறது. ஏசி வாங்கினாலும் அந்தச் சூட்டோடு விடியும்வரை மல்லுக்கட்டும். அதற்கான பணமும் உங்களுடையதுதான்.

பங்குனியிலேயே தளத்தைக் கழுவி, சுண்ணாம்பு வெள்ளை இரண்டு பூச்சு அடியுங்கள். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். மழையில் கரையும், தூசு படிந்தால் பலன் குறையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். ஆனாலும் இதற்கு நிகரான மலிவான வழி எனக்குத் தெரியாது. கை தாராளமாக இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைத் தள ஓடுகள் (கூல் டைல்ஸ்) பதிக்கலாம். நிழல்வலை கட்டுவதானால் தளத்தின் மேல் விரிக்காமல் ஆள் உயரத்தில் கட்டுங்கள். இடையே காற்று ஓட வேண்டும். தென்னங்கீற்றுப் பந்தல் இன்னும் நல்லது. ஆனால் தீ அபாயம் உண்டு, ஆடிக் காற்றுக்கு முன் பிரித்துவிட வேண்டும்.

அடுத்தது மேற்குச் சன்னல். உள்ளே திரை போடுகிறோம். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபின் அதைத் தடுத்துப் பெரிய பயனில்லை. வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிடுங்கள். காலை ஒன்பது மணிக்குமேல் சன்னல்களை மூடிவையுங்கள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்தபின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். இத்தனையும் செய்த பிறகு ஏசி வேண்டுமா என்று யோசியுங்கள். வேண்டியிருந்தாலும் சிறியதே போதும்.

சென்னையில் ஏர் கூலர் பயன்படுமா?

கடலோரத்தில் வேண்டாம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் சரிவர ஆவியாகாது, பிசுபிசுப்புதான் மிஞ்சும். வேலூர், திருச்சி, மதுரையின் வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். அங்கும் சன்னலைத் திறந்து வைத்தால்தான்.

இரவில் பிரிட்ஜை அணைத்து வைக்கிறேன். சரியா?

தவறு. உள்ளே சூடேறும், காலையில் அதை இறக்க மறுபடி ஓடும், பாலும் கெடும். கதவில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

சென்ற முறை 490 யூனிட், இம்முறை 520. தொகை இவ்வளவு எகிறுமா?

500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். கணக்கெடுத்த நாளிலிருந்து முப்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். அதுவரை ஓடிய யூனிட் 250-ஐத் தாண்டியிருந்தால் மீதி மாதத்தில் கையைச் சுருக்கலாம். கணக்கெடுப்பவர் வந்தபின் ஒன்றும் செய்ய முடியாது.

மோட்டாரை ஒரு நாளுக்கு மூன்று முறை போடுகிறோம். வீட்டில் மூன்றே பேர்.

எங்கோ ஒழுகுகிறது. இரவு படுக்குமுன் தொட்டியின் அளவைக் குறித்து, எல்லாக் குழாயையும் மூடிவிட்டுக் காலையில் பாருங்கள். குறைந்திருந்தால் முதலில் கழிப்பறை பிளஷ் தொட்டியைச் சோதியுங்கள், பெரும்பாலும் அதுதான். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். ஓடியும் தண்ணீர் தாமதமாக ஏறினால் புட் வால்வை (உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் வால்வை) பார்க்கச் சொல்லுங்கள்.