நுரையீரலில் மிளகளவு புள்ளி

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. வலது முழங்காலுக்கு மேலே ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று, அடுத்த வாரம் கீமோ. மார்பு சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலில் 4 மி.மீ., இடதில் 3 மி.மீ. என்று இரண்டு புள்ளிகள். 'என்னவென்று உறுதியாகச் சொல்ல இயலாது' என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. பழைய டி.பி. தழும்பாக இருக்கும் என்கிறார் என் அண்ணன். பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா? அதுவரை கீமோவைத் தள்ளிப்போடலாமா?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: தள்ளிப்போடாதீர்கள் அம்மா. அந்தப் புள்ளிகள் எதுவாக இருந்தாலும், இந்த வயதில் தொடக்க சிகிச்சை பெரும்பாலும் அதே மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற மூன்று கீமோ மருந்துகள்தான். காத்திருப்பதால் கால் கட்டிக்குத்தான் லாபம்.

இனி அந்த ரிப்போர்ட். 'உறுதியாகச் சொல்ல இயலாது' என்று எழுதிய டாக்டர் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. மார்பு ஸ்கேன் படிப்பதே என் தொழில். மிளகளவுகூட இல்லாத ஒரு புள்ளியை ஒரே படத்தில் பார்த்து யாராலும் அதற்குமேல் சொல்ல முடியாது. இந்த நோய் பரவினால் முதலில் போகும் இடம் பெரும்பாலும் நுரையீரல் என்பதால் அதை அலட்சியப்படுத்தவும் முடியாது. ஐரோப்பா, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய யூராமாஸ் ஆய்வில், 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மூன்று புள்ளிகளாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றாவது 1 செ.மீ. இருக்க வேண்டும், அப்போதுதான் 'நிச்சயம் பரவியிருக்கிறது' என்று கணக்கில் எடுத்தார்கள். உங்கள் மகனுடையது அந்த அளவுக்கு வரவில்லை. அதற்காக ஒன்றுமில்லை என்றும் ஆகிவிடாது.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் ஸ்கேன் எடுத்தால் டி.பி. தழும்பு தென்படுவது சாதாரணம். நுரையீரல் உறையை ஒட்டி முக்கோணமாக இருக்கும் சில புள்ளிகள் வெறும் நிணநீர்க் கணுக்கள். ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. மற்ற நோயாளிகளுக்குப் புள்ளியில் சுண்ணாம்பு படிந்திருந்தால் 'பழைய தழும்பு, கவலை வேண்டாம்' என்று பெரும்பாலும் சொல்லிவிடுவோம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. எலும்பை உண்டாக்குவதே இந்தப் புற்றுச் செல்லின் குணம். நுரையீரலில் போய் உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்யும். படத்தில் அதுவும் சுண்ணாம்பு போலவே வெள்ளையாகத் தெரியும். அப்புறம், கீமோவில் செல்கள் செத்தாலும் அந்த எலும்புப் பொருள் கரையாமல் நிற்கலாம். அதனால் அடுத்த படத்தில் புள்ளி சுருங்காவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

பெட் ஸ்கேன், அதாவது சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்கள் ஒளிரும் படம், உடம்பில் மற்ற இடங்களைப் பார்க்க உதவும். ஆனால் 3, 4 மி.மீ. புள்ளிக்கு அதை நம்ப முடியாது. அவ்வளவு சிறியது புற்றாகவே இருந்தாலும் அதில் ஒளிராமல் போகலாம். டி.பி.யோ புற்று இல்லாமலே ஒளிரும். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறையும்போது அது தலைதூக்கக்கூடும்.

உண்மையில் பதில் தரப்போவது அடுத்த சி.டி. வழக்கமாகச் சுமார் 10 வாரம் கீமோ முடிந்து, கால் அறுவைக்கு முன் எடுப்பார்கள். முடிந்தவரை அதே சென்டரில், 1 மி.மீ. அளவு மெல்லிய துண்டுகளாக எடுக்கச் சொல்லுங்கள். இப்போதைய ஸ்கேன் படங்கள் பதிவான கம்ப்யூட்டர் டிஸ்க்கை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் போதாது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஆள் பார்த்தால்தான் 1 மி.மீ. வித்தியாசம் நிஜமா, மூச்சு இழுத்ததில் வந்ததா என்று புரியும்.

புள்ளி வளர்ந்தாலோ புதிதாக முளைத்தாலோ, மார்பு அறுவை நிபுணர் அதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார். அது புற்று என்றே வந்தாலும் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை அம்மா. நுரையீரலுக்குப் பரவிய கட்டிகளை முழுவதும் வெட்டி எடுப்பது இந்த நோயில் சிகிச்சையின் ஒரு பகுதி. அப்படி எடுத்தபின் பல வருடங்கள் நோயின்றி வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.