கையில் காசில்லை, காரில் ஆசை: அம்பாசிடர் கேள்வி பதில்

ஹாட் ராட் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் வந்து குவிந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான்: எவ்வளவு செலவாகும்? சேலத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பழைய கார்களைப் பிரித்து மாட்டுகிறவன் என்ற தகுதியில், தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் என் வழக்கமான பல்லவி: ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலையே இல்லை.

ஹாட் ராட் என்றால் என்ன? பழைய காரைப் புதுப்பிப்பதும் அதுவும் ஒன்றா? (திருச்சி)

இல்லை. புதுப்பிப்பவர் கார் தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுபோகிறார். ஹாட் ராட் செய்பவர் பழைய பாடியை வைத்துக்கொண்டு அதற்கு வேகம் ஏற்றுகிறார். தெற்குக் கலிபோர்னியாவில் 1930களில் தொடங்கியது இது. 1932இல் வந்த போர்டு காரில் 65 குதிரைத்திறன் கொண்ட V8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. சில ஆண்டுகளில் அது பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைக்க, பணமில்லாத இளைஞர்கள் வாங்கி, மட்கார்டு, பம்பர், பானட் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எறிந்து, முரோக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் ஓட்டிப் பார்த்தார்கள். எடையைக் குறைக்கக் காசு வேண்டாம் அல்லவா? பளபளக்கும் குரோமும் லட்சக்கணக்கில் செலவும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

தாத்தாவின் 1972 அம்பாசிடர் கொட்டகையில் பல வருடமாக நிற்கிறது. குறைந்த செலவில் ஹாட் ராட் ஆக்க வேண்டும். எங்கே தொடங்குவது? (ஈரோடு)

இன்ஜினைத் திறக்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அங்கேயே பணம் தீர்ந்து, கார் மறுபடி கொட்டகைக்குப் போகிறது.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கதவுக்குக் கீழே, சக்கர வளைவைச் சுற்றி, பின் பெட்டித் தரையில் என்று வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் தகரம் இல்லை, பட்டி (ஓட்டையை மறைக்கும் பூச்சு) இருக்கிறது. பிறகு உள்ளே மிதியடியைச் சுருட்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'டங்' என்று பதில் சொல்லும். செத்த தகரம் ஈர அட்டையைத் தட்டியதுபோல ஒலிக்கும். அந்த இடத்தில் முனையால் குத்துங்கள். துளை விழுந்தால் வருத்தப்படாதீர்கள்; அது முன்பே விழுந்த துளைதான், நீங்கள் இன்றைக்குப் பார்க்கிறீர்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. அது மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரின் வார்ப்பு. பாடியேதான் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி அரித்துப் போனால் கார் நடுவில் தொய்கிறது, கதவு மூட மறுக்கிறது. அதை வெட்டி மாற்றும்போது கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்துத் தாங்கல் கொடுத்துவிட்டு, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வெட்டி, காரை வாழைப்பழம்போல வளைத்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிங்கர் வேலைக்கு ஆள் தேடும்போது, பட்டி பூசாத வேலையைக் காட்டச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்த காரைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கையில் நூறு ரூபாய் இருந்தால் நாற்பது தகரத்துக்கு, முப்பது பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும், பத்து வயரிங்குக்கு. மீதி இருபதுதான் இன்ஜினுக்கு.

இன்னொன்று. உங்கள் காருக்கு 50 வயது தாண்டிவிட்டது. 2021இல் வந்த விதிப்படி, அசல் நிலையில் இருக்கும் 50 வயதுக்கு மேற்பட்ட வாகனத்தை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி போய்விடும். அப்படிப் பதிவு செய்த காரில் தினமும் அலுவலகம் போகவும் முடியாது. வெட்டுவதற்கு முன் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? (மதுரை, விழுப்புரம், நாகர்கோவில், இன்னும் ஒன்பது பேர்)

காந்தம் எத்தனை இடத்தில் ஒட்டவில்லை என்று சொல்லுங்கள், சொல்கிறேன்.

அம்பாசிடரில் இசுஸு இன்ஜின் பொருத்தலாமா? (கோவை)

பட்டறைக் கண்ணால் பார்த்தால் இதைவிட எளிய மாற்று இன்ஜின் கிடையாது. ஏனென்றால் தயாரிப்பாளரே செய்தது அது. பழைய 1,489 சிசி இன்ஜின் 50 குதிரைத்திறனை ஒட்டியே இருக்கும். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1990களின் தொடக்கத்தில் இசுஸுவின் 1,817 சிசி இன்ஜினை ஐந்து கியர் பெட்டியோடு அம்பாசிடரில் வைத்தது, 75 குதிரைத்திறன். ஆகவே இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் முதல், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்ட் வரை எல்லாம் ஒரே காயலான் கடைக் காரிலிருந்து முழு செட்டாக எடுக்கலாம்.

ஆனால் ஆர்.சி.யில் 1,489 என்று இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெளிவானவை: தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

என் யோசனை: தாத்தாவின் கார் என்ற பாசம் எதுவும் இல்லையென்றால் இசுஸு இன்ஜினோடு பிறந்த அம்பாசிடரையே வாங்குங்கள். உருவம் அதே உருவம். ஆர்.சி.யில் 1,817 என்று ஏற்கெனவே அச்சாகி இருக்கும். தொழிற்சாலை செய்து கொடுத்த ஹாட் ராட் அது. இன்ஜின் மாற்றும் செலவு மிச்சம்.

நீங்களே பயந்தால் எப்படி? முரோக் ஏரியில் யார் ஆர்.சி. பார்த்தார்கள்? சட்டத்தைப் பார்த்தவன் ஹாட் ராட் செய்திருக்க முடியுமா? (சென்னை)

முரோக் சாலை அல்ல ஐயா, ஏரிப்படுகை. அங்கேயும் விபத்துகள் பெருகியதால்தான் 1937இல் கிளப்புகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, வரிசையும் விதியும் கொண்டுவந்தன. 1951இல் வந்த அமெரிக்கத் தேசிய ஹாட் ராட் சங்கத்தின் நோக்கமே பந்தயத்தைத் தெருவிலிருந்து தடத்துக்குக் கொண்டுபோவது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் நமக்கும் தடம் இருக்கிறது. லாரியில் ஏற்றிக்கொண்டு போய், அனுமதி வாங்கி, அங்கே மட்டும் ஓட்டுவதாக இருந்தால் விமான இன்ஜினே பொருத்துங்கள்.

மேலே பேசுபவர்கள் எல்லோரும் கொலைகாரர்கள். 1972 காரை வெட்டச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, மனசாட்சி இல்லையா? (புதுச்சேரி)

மனசாட்சி இருப்பதால்தான் வின்டேஜ் பதிவைச் சொன்னேன். நீங்கள் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை.

என் கார், என் காசு. அருங்காட்சியகத்துக்கு வேண்டுமானால் அவர் போகட்டும். (சென்னை, மேலே கேட்டவரே)

காசு உங்களுடையது, அந்தத் தகரம் இனி வராது. 2014இல் உற்பத்தியே நின்றுவிட்டது. (புதுச்சேரி)

இருவரும் இப்படி இன்னும் பதினான்கு முறை எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் மற்றவரின் தகப்பனாரை இழுத்ததால் அவற்றை விட்டுவிட்டேன். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரிக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. 1932 போர்டை வெட்டியவர்களுக்கு அது வெறும் பத்து வருடப் பழைய மலிவுக் கார். யாரும் அதைப் பொக்கிஷமாகப் பார்க்கவில்லை. இன்றைக்கு அசல் தகரம் அரிதாகி, புதிதாக அச்செடுத்த பாடிகளை அமெரிக்காவில் விற்கிறார்கள். அதே கதை இங்கே அம்பாசிடருக்கும் வரும். ஆனால் சென்னைக்காரர் வைத்திருப்பதாகச் சொல்லும் கார், இன்ஜின் இல்லாத, கிரில் இல்லாத, ஒரு கதவு வேறு காருடைய கூடு. அதை அசல் நிலைக்குக் கொண்டுவர மூன்று காரை வாங்கிப் பிரிக்க வேண்டும். என் அளவுகோல் இதுதான்: முழுமையாக நிற்கும் காரை வெட்டாதீர்கள், கூட்டைத் தாராளமாக வெட்டுங்கள். ஈரோட்டு நண்பரே, உங்கள் தாத்தா கார் முழுமையானது. அதே இன்ஜினின் தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து, அவற்றை மேலே மூடும் ஹெட்டைச் சமன் செய்து, சைலன்சரைத் திறமாக மாற்றினாலே காருக்கு மூச்சு வந்துவிடும். அதில் ஆர்.சி.க்குப் பங்கமில்லை.

டர்போ பொருத்தலாமா? (தஞ்சாவூர்)

பிரேக்கை முடித்தீர்களா?

V8 கிடைக்குமா? (நான்கு பேர்)

கிடைக்கும். உங்கள் பட்ஜெட் கிடைக்காது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காரைக் கெடுக்குமா? (திருநெல்வேலி)

நல்ல கேள்வி, நன்றி. 20 விழுக்காடு எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் வாஷரையும் ஊற வைத்துவிடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் காரில் டேங்கின் அடியில் துரு பிடிக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், வைட்டான் என்று கேளுங்கள். டேங்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் வடித்துவிடுங்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன், அதற்கும் இதே வழியா? (வேலூர்)

நம் மதராசிலேயே உருவான கார். ஆனால் அதற்குத் தனி சேசிஸ் உண்டு, நான் மேலே சொன்ன தகரப் பாடம் அப்படியே பொருந்தாது. ஹெரால்டில் கைபழகியவரைக் கேளுங்கள்.

எவ்வளவு செலவாகும் என்று தோராயமாகவாவது... (கடலூர்)

காந்தம்.

பிரேக், பிரேக் என்று இத்தனை முறை சொல்கிறீர்களே, அம்பாசிடர் பிரேக்குக்கு என்ன குறை? (நாமக்கல்)

நாமக்கல்காரர் என்பதால் உங்களுக்குப் புரியும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். புது இன்ஜின் போட்ட உற்சாகத்தில், நானே பெருமையாக ஒரு அம்பாசிடரை மேலே ஓட்டிப் போனேன். இறங்கும்போது பாதி வழியில் பெடல் பஞ்சுபோல ஆனது, அடுத்த மிதியில் தரையைத் தொட்டது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பழைய பிரேக் ஆயில், அதில் ஊறிய ஈரம் சூட்டில் கொதித்து ஆவியாகிவிட்டது. கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். டிரம்மிலிருந்து வந்த கருகிய லைனிங் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. இன்ஜினுக்குச் செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்தக் காரின் பிரேக்குக்குப் போகவில்லை, செலவழித்தவனும் நான்தான்.

கணக்கு எளிது. 60 கி.மீ. வேகத்தில் ஓடியதை 90க்கு ஏற்றினால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. வீல் சிலிண்டர்கள் எல்லாவற்றையும், மாஸ்டர் சிலிண்டரையும், குழாய்களையும் புதிதாகப் போடுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பழைய அமைப்பில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் இணைப்பு என்பதால், ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். பின்னாளைய மாடல்களில் முன்சக்கரத்துக்கு, சூட்டை எளிதில் விடும் டிஸ்க் பிரேக் வந்தது; நான் சொன்ன இசுஸு காரை வாங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேட் கறுப்புப் பெயின்ட் அடித்தால் ஹாட் ராட் போல இருக்குமா? (சிவகாசி)

நிறத்தையும் ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். பட்டி எடுத்த பிறகு பேசலாம். சென்ற ஆண்டு ஒரே காரிலிருந்து இரண்டு வாளிப் பட்டி எடுத்தேன். எடைக் குறைப்பு என்று சொல்லிக்கொண்டோம்.

ஜாக் ஸ்டாண்டு வாங்கப் பணமில்லை, செங்கல் அடுக்கி வைத்தால் போதுமா? (கடலூர், மேலே செலவு கேட்டவர்)

போதாது. செங்கல் திடீரென்று உடையும், முன்னறிவிப்பு தராது. முதல் செலவு அந்த இரண்டு ஸ்டாண்டுதான். கடலூர் நண்பரே, உங்கள் செலவுக் கணக்கை அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.