நியூஸ் சீட்டுல இருந்து உருக்கெண்ணெய் அடுப்புக்கு: வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல டிவி நியூஸ் வேலையப் பத்தியும், அதை விட்டுட்டு வந்து தொழில் பண்றதப் பத்தியும்தான். சென்னையில நியூஸ் வாசிச்சிட்டு இருந்துட்டு இப்போ நாகர்கோவில் பக்கம் யோகா கிளாஸும் சின்னதா எண்ணெய் யாவாரமும் பண்ற ஆளுன்னு எடிட்டர் மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டார். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் எழுதியிருந்ததால எல்லாருக்கும் ஊர் மட்டும்.

தக்கலை வாசகி: காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறேன், நியூஸ் ரீடர் ஆகணும்னு ஆசை. நம்ம ஊர் பேச்சுக்கு சென்னையில சிரிப்பாங்கன்னு பிரெண்ட்ஸ் பயமுறுத்துறாங்க. நிஜமாக்கா?

சிரிப்பாங்க மக்களே, சும்மா சொல்லக்கூடாது. "எங்க போறிய, என்ன செய்யிய"ன்னு நாம இழுத்தா மேக்கப் ரூம்லயே ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார், நீங்க மலையாளியான்னு கேட்பார். அதெல்லாம் ரெண்டு வாரத்துல பழகிப் போயிரும். ஆடிஷன்ல பார்க்கறது வேற. ல, ள, ழ மூணும் பிரிஞ்சு கேட்குதா, பெரிய நம்பர் வந்தா தடுக்காம வருதா, வாக்கியம் முடியற இடத்துல குரல் இறங்குதா, இதுதான் முக்கியம். ழகரம் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓரளவு நல்லாவே வரும், நமக்குப் பிரச்சனை ராகம்தான், எல்லா வாக்கியமும் கேள்வி கேட்கற மாதிரி மேல போய் நிக்கும். தினமும் பேப்பர்ல ஒரு பக்கத்தை சத்தமா வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளு, கேட்கவே கூச்சமா இருக்கும், இருந்தாலும் கேளு.

இன்னொண்ணு, வாசிக்கறது இப்போ வேலையில பாதிதான். டெல்லி வானொலியில சரோஜ் நாராயணசுவாமி தமிழ்ச் செய்தி வாசிச்ச காலத்துலயும், 1975-ல மெட்ராஸ் தூர்தர்ஷன் வந்த புதுசுலயும், எழுதிக் கொடுத்ததை சுத்தமா வாசிச்சாப் போதும், அந்தக் குரலுக்கே வீட்டுல ரேடியோ பக்கத்துல உட்காருவாங்க. 1993-ல சன் டிவி, 2011-ல புதிய தலைமுறைன்னு வரிசையா வந்த பிறகு ஆட்டமே மாறிப்போச்சு. இப்போ காதுல மாட்டின டாக்பேக்ல கன்ட்ரோல் ரூம்ல இருந்து ஒருத்தர் "இன்னும் இருபது செகண்ட் இழுங்க"ன்னு சொல்லிட்டே இருப்பார், எதிர்ல கெஸ்ட் கத்திட்டு இருப்பார், வாசிக்க வேண்டிய வரி ஓடற ப்ராம்ப்டர் திரை நின்னு போயிருக்கும், கீழ பிரேக்கிங் ஓடும், நீ மூஞ்சியில ஒண்ணும் காட்டாம அடுத்த கேள்வியைக் கேட்கணும். புயல் நேரத்துல ஸ்கிரிப்டே இருக்காது, அதனால வாசிப்பு மாத்திரம் இல்ல, விஷயமும் தெரிஞ்சிருக்கணும். ஒரு பட்ஜெட்டை முழுசா படிச்சுப் பாரு, ஒக்கி புயல்ல நம்ம மீனவர்களுக்கு என்ன ஆச்சுன்னு பேப்பர் பார்க்காம அஞ்சு நிமிஷம் பேசிப் பாரு. முடியுதுன்னா தைரியமா பஸ் ஏறு.

மணவாளக்குறிச்சி வாசகர்: நியூஸ் வாசிக்கறவங்க எல்லாம் கொஞ்ச வருஷத்துல சினிமா, அரசியல், பிசினஸ்னு ஓடிடறாங்களே, சம்பளம் பத்தலையா?

சம்பளம் ஒரு காரணம், ஆனா அது மட்டும் இல்லண்ணே. பாத்திமா பாபு நடிப்புக்குப் போனாங்க, "வணக்கம்"னு சொல்லியே ஊரெல்லாம் தெரிஞ்ச நிர்மலா பெரியசாமி அரசியலுக்குப் போனாங்க, பிரியா பவானி சங்கர் நியூஸ்ல இருந்து சீரியல், சினிமான்னு போய் ரெஸ்டாரன்ட்டும் திறந்தாச்சு. முகம் தெரிஞ்சிருக்கும்போதே அடுத்த படியில கால் வைக்கணும்கற அவசரம் எல்லாருக்கும் உண்டு. பொம்பளைகளுக்கு அது ரெட்டிப்பு. ஆம்பள ஆங்கருக்கு நரை வந்தா அனுபவம்னு சொல்லுவாங்க, நமக்கு வந்தா ஷிப்டு மெதுவா காலை 6 மணி புல்லட்டினுக்கு நகரும், யாரும் வாயத் திறந்து காரணம் சொல்ல மாட்டாங்க.

உடம்பையும் சேர்த்துக்கோங்க. காலை 6 மணி புல்லட்டின்னா 4 மணிக்கு மேக்கப், அடுத்த வாரமே நைட் ஷிப்டு, தூக்கம் எங்க இருந்து வரும். அமெரிக்காவுல ஏபிசி சேனல் டான் ஹாரிஸ் கதை உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. 2004 ஜூன் 7, காலை நிகழ்ச்சியில தலைப்புச் செய்தி வாசிச்சிட்டு இருந்தவருக்கு லைவ்லயே மூச்சு முட்டி, வார்த்தை குழறி, பாதியிலேயே நிறுத்தும்படி ஆயிருச்சு. பேனிக் அட்டாக். ஈராக், ஆப்கானிஸ்தான்னு யுத்த ரிப்போர்ட்டிங் போயிட்டு வந்த மனுஷன், அந்த மன அழுத்தத்துல போதைப் பழக்கமும் சேர்ந்திருச்சு, அதுதான் காரணம்னு டாக்டர் சொன்னதை அவரே பிற்பாடு வெளிப்படையா சொன்னார். அப்புறம் தியானத்துப் பக்கம் போனார், முதல்ல அதை நக்கல் பண்ணவர்தான், 2014-ல புத்தகம் எழுதினார், டென் பர்சன்ட் ஹாப்பியர்னு ஒரு ஆப்பும் வந்துச்சு, 2021-ல ஏபிசியையே விட்டுட்டார். பேர்லயே பாருங்க, பத்து சதவீதம் சந்தோஷம் கூடும்னுதான் சொல்றார், நோய் எல்லாம் பறந்து போயிரும்னு சொல்லல. எனக்கு அந்த அடக்கம் பிடிச்சிருக்கு.

அங்கேயே ஜேமி கெர்ன் லிமான்னு ஒரு ஆங்கர். அவங்களுக்கு முகத்துல ரோசேசியான்னு சிவப்புத் தடிப்பு, கேமரா லைட்டுல எந்த மேக்கப்பும் அதை மறைக்கல. 2008-ல ஐடி காஸ்மெட்டிக்ஸ்னு சொந்தமா ஆரம்பிச்சு, டிவி ஷாப்பிங் சேனல்ல லைவ்ல மேக்கப்பைத் துடைச்சு சொந்த முகத்தையே காட்டி வித்தாங்க. 2016-ல லோரியல் அந்தக் கம்பெனியை 120 கோடி டாலருக்கு வாங்கினாங்க. தொகையைப் பார்த்து மயங்காதீங்க. கடிகாரம் ஓட ஓட, பதறாம, எதிர்ல ஆளே இல்லாத கேமராவைப் பார்த்து ஒருத்தர்கிட்ட பேசற மாதிரி பேசறதுதான் நியூஸ்ல கிடைக்கற நிஜ சொத்து, அவங்க எடுத்துட்டுப் போனது அதைத்தான். முகம் ரெண்டு வருஷத்துல ஜனங்களுக்கு மறந்திரும்.

மார்த்தாண்டம் வாசகி: சென்னையில ஒரு சேனல்ல ஆங்கரா இருக்கேன், வயசு 34. ஊருக்கு வந்து உருக்கெண்ணெய் காய்ச்சி விக்கலாம், கூட யோகா கிளாஸும் எடுக்கலாம்னு யோசனை. என்னென்ன பேப்பர் வேணும், எங்க மாட்டிக்குவேன்?

நல்ல யோசனைதான், ஆனா முதல்ல பாட்டில்ல என்ன எழுதப் போறன்னு முடிவு பண்ணு, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாலதான். பிள்ளை பெத்த வீட்டுல அம்மாமார் தேங்காய்ப்பால் பிழிஞ்சு உருளியில ஊத்தி, அடி பிடிக்காம கிண்டிக் கிண்டி, கசடு பொன்னிறமா வந்ததும் இறக்கி வடிகட்டுவாங்களே, அதே எண்ணெய்தான். அதை சமையலுக்குன்னு வித்தா அது உணவு, எப்எஸ்எஸ்ஏஐன்னு சொல்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட பதிவு வேணும், 14 இலக்க நம்பர் லேபிள்ல வரணும், யாவாரம் பெருசானா பதிவு போதாது, லைசென்ஸ் எடுக்கணும். தலைக்கு, மேலுக்குன்னு போட்டா காஸ்மெட்டிக், அதுக்குத் தனி தயாரிப்பு லைசென்ஸ். "கரப்பான் போகும், சொறி போகும்"னு ஒரு வரி சேர்த்தா மருந்து, சித்தா ஆயுர்வேத மருந்து லைசென்ஸ் இல்லாம கைய வைக்க முடியாது. உள்ள இருக்கற எண்ணெய் ஒண்ணுதான், லேபிள்தான் உன்னைய எந்த ஆபீஸுக்கு அனுப்பணும்னு தீர்மானிக்குது. சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா ஹேர் ஆயிலான்னு வரி கேஸ் பல வருஷம் ஓடி, 2024 டிசம்பர்லதான் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு, பாட்டில் சின்னதுங்கறதுக்காக மட்டும் ஹேர் ஆயில்னு எடுத்துக்க முடியாதுன்னு. அப்போ சமையல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஹேர் ஆயிலுக்கு 18. 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஹேர் ஆயிலுக்கும் 5 ஆயிட்டதால அந்தத் தலைவலி கொறஞ்சிருக்கு, லைசென்ஸ் வித்தியாசம் அப்படியேதான் இருக்கு.

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவை ஆன்லைன்ல ஆதார் வச்சுப் பண்ணிரலாம், அதுக்குக் கட்டணமே கிடையாது, யாராவது ரெண்டாயிரம் மூவாயிரம் கேட்டா எழுந்து வந்திரு. கடனுக்கு, மானியத்துக்கு நாகர்கோவில்ல மாவட்டத் தொழில் மையத்துக்கு நேர்ல போ, காலையிலேயே போ. லேபிள்ல எம்ஆர்பி, நிகர அளவு, தயாரிச்ச தேதி, அட்ரஸ், புகார் சொல்ல நம்பர் எல்லாம் இருக்கணும்.

கணக்கு முக்கியம். காயோட பருமனைப் பொறுத்து ஒரு லிட்டருக்குப் பத்து, பன்னெண்டு, சில சமயம் பதினஞ்சு தேங்காய் போகும். ஈத்தாமொழி நெட்டைன்னு பேர் வாங்கின காய் நம்மகிட்ட இருக்குன்னு பெருமைப்படலாம், 2025-ல தேங்காய் விலை ஏறின ஏத்தத்துல பெருமை எல்லாம் பறந்து போச்சு. விலை ஏத்தினா "டிவியில வந்த பொண்ணு, அதான் இந்த வெலை"ம்பாங்க, ஏத்தலைன்னா கைக்காசு போகும். முதல் பாட்டிலை உன் முகத்துக்காக வாங்குவாங்க, அடுத்ததை எண்ணெய் காறாம, அதாவது கெட்ட வாடை அடிக்காம இருந்தாத்தான் வாங்குவாங்க. ஈரம் நின்னா காறிரும், அதனால பாட்டிலை நல்லா வெயில்ல காய வச்சுட்டு ஊத்து.

யோகாவுக்கு ஆயுஷ் அமைச்சகத்தோட யோகா சர்டிபிகேஷன் போர்டு பரீட்சை எழுதிரு. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்துல நடக்கற யோகா முகாம்லயும் போய் இருந்து பாரு, சொல்லிக் கொடுக்கற ஒழுங்கு புரியும். நம்ம ஊர்ல போட்டி யாருன்னா வேற யோகா டீச்சர் இல்ல, வர்ம ஆசான்மார். முட்டு வலின்னா ஜனங்க நேரா ஆசான்கிட்டதான் போவாங்க, தப்பும் இல்ல, அவங்க எண்ணெய் போட்டுத் தடவினா ஒரு தனி சுகம். நீ மூச்சு, உட்காருற விதம், தூக்கம்னு உனக்குத் தெரிஞ்சதோட நில்லு. பீஸை மாசாமாசம் வாங்கு, வருஷத்துக்கு மொத்தமா வாங்காத. நவம்பர் கடைசியில கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கிட்டா கிளாஸ் காலி, அப்படியே கிறிஸ்மஸ், புது வருஷம்னு போயிரும், ஜனவரியிலதான் பாயை விரிக்க ஆள் வரும். வேலையை விடறதுக்கு முன்னால அந்த ரெண்டு மாச வாடகையைத் தனியா எடுத்து வச்சிரு.

குழித்துறை வாசகர்: என் தம்பி ஒரு லோக்கல் சேனல்ல நியூஸ் வாசிக்கறான். ஒரு கம்பெனி சுகர் பொடி விளம்பரத்தை நியூஸ் மாதிரியே வாசிச்சுக் கொடுத்தா நல்ல தொகை தர்றோம்கறாங்க. பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். சர்க்கரை வியாதியைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்றதே 1954-ம் வருஷச் சட்டப்படி குத்தம், அப்படி விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு அதுல இருக்கற நோய்ப் பட்டியல்ல சர்க்கரையும் இருக்கு. அது போக, நியூஸ் மேஜையில உட்கார்ந்து அதே குரல்ல சொன்னா, மாத்திரையை நிறுத்திட்டுப் பொடியைச் சாப்பிடப் போறது உங்க தெருவுல இருக்கற பெரியவர்தான். பணம் வாங்கி உடல்நலம் பத்திப் பேசறவங்க தங்களோட தகுதியைச் சொல்லணும்னு விளம்பரத் துறை அமைப்பே 2023-ல விதி கொண்டுவந்திருக்கு, தம்பிக்கு என்ன தகுதி இருக்குன்னு சொல்லுவான்? ஆங்கர்களோட முகத்தையும் குரலையும் டீப்பேக்ல, அதாவது ஏஐ வச்சு செய்யற போலி வீடியோவுல, திருடி இதே மாதிரி மருந்து விக்கறாங்க, இந்தி சேனல்ல ரஜத் சர்மா 2024-ல டீப்பேக்குக்கு எதிரா டெல்லி ஹைகோர்ட்டுக்கே போனார். ஒருத்தர் முகத்தைக் காப்பாத்த கோர்ட்டுக்குப் போறார், தம்பி தானா கொண்டு போய்க் கொடுக்கணுமா?

சுசீந்திரம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: நல்ல வேலையை விட்டுட்டு மகள் எண்ணெய் விக்கறேன்னு வந்து நிக்கறா. நாலு பேர் கேட்டா என்ன சொல்ல?

சார், நாலு பேர் கேட்டா ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்துக் காசு வாங்கிருங்க. அவகிட்ட கேட்க வேண்டியது வேற, எத்தனை மாசத்துக்குக் கையில பணம் இருக்கு, நட்டம்னா எந்த இடத்துல நிறுத்துவா, இந்த ரெண்டும். பதில் வச்சிருந்தான்னா விட்டுருங்க, இல்லைன்னா நீங்க கணக்கு வாத்தியாரா இருந்தாலும் இல்லாட்டியும் உட்கார வச்சுக் கணக்குப் போடுங்க.

குளச்சல் வாசகி: தினமும் ரெண்டு புல்லட்டின் வாசிக்கறேன், சாயங்காலம் ஆனா தொண்டை கட்டுது. சுக்குக்காப்பி குடிச்சா சரியாகுமா?

குடிக்கறப்போ இதமா இருக்கும், அவ்வளவுதான். ஸ்டூடியோ ஏசி தொண்டையைக் காய வைக்கும், அதனால தண்ணியை மடக்கு மடக்கா குடிச்சிட்டே இரு, வாசிச்சு முடிச்சதும் போன்ல கத்திப் பேசாத, கிசுகிசுன்னு பேசறதும் தொண்டைக்கு ஆகாது. ராத்திரி லேட்டா மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு உடனே படுத்தா புளிச்சு மேல வந்து குரலைக் கெடுக்கும், சாப்பாட்டை முன்னால தள்ளு. மூணு வாரத்துக்கு மேலயும் கம்மல் போகலைன்னா வைத்தியம் கேட்டு எனக்கு எழுதாத, நேரா ஈஎன்டி டாக்டரைப் போய்ப் பாரு.