பதினோரு மணிக்கு வந்த பாட்டு

அன்புள்ள அண்ணா,

பி.பி.சி. ரேடியோவில் புதுக் குழுக்களின் பாட்டுகளைத் தேடித் தேடிப் போட்ட ஜான் பீலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் பல வருடம் ஒரு எஃப்.எம்.மில் இரவு நிகழ்ச்சி நடத்தியவன். உங்களுக்குத் தெரியும். எங்கள் ஏரியாப் பையன் ஒருவன் சாவு வீட்டில் பாடிய கானாவைச் செல்போனில் பதிவு செய்து, நிலையத்தில் திட்டு வாங்கிக்கொண்டு ஒலிபரப்பினேன். அப்புறம் வாரம் தவறாமல் போட்டேன். இன்று அவன் பெரிய ஆள். போன மாதம் ஒரு பேட்டியில், "எனுக்கு யாரும் கை குடுக்கல, என் தொண்டதான் என்னை இட்டாந்துச்சி" என்கிறான். போன் செய்தால் எடுப்பதில்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

(பெயர் வேண்டாம்), புளியந்தோப்பு

அன்புள்ள தம்பி,

அந்தப் பாட்டு முதல்முதலாக வந்த இரவு நானும் கேட்டேன். கல்மண்டபம் பக்கம் ஒரு டீக்கடை. டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் இரண்டு கையையும் இறக்கிவிட்டு அப்படியே நின்றார். பாட்டு முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடுவாங்களா சார்?" என்று என்னைக் கேட்டார். தேவா 90களிலேயே கானாவைச் சினிமாவுக்குள் கொண்டுவந்துவிட்டார். 2006ல் ஒரு சினிமாப் பாட்டு கானா உலகநாதனை ஊரறிய வைத்தது. ஆனாலும் சினிமா முத்திரை இல்லாத ஒரு சாவு கானாவை எஃப்.எம்.மில் போட நெஞ்சுரம் வேண்டும். உங்களுக்கு இருந்தது. அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இதையும் கேளுங்கள். பாட்டுக்கு முன்னால் நீங்கள் வாராவாரம் பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா இல்லாத பையன், படிப்பு ஏறாதவன், நான்தான் சாவு வீட்டில் கண்டுபிடித்தேன் என்று சொல்வீர்கள். அவன் தொகையறாவை இழுக்க ஆரம்பித்த பிறகும் உங்கள் குரல் ஓடிக்கொண்டிருக்கும். முதல் வரி முழுசாகக் காதில் விழுந்த நாள் குறைவு. அவன் அதை வீட்டில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பான். தன் பாட்டு ரேடியோவில் வருகிற சந்தோஷத்தையும், தன்னை இப்படிச் சொல்கிறார்களே என்கிற கூச்சத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கியிருப்பான். பேட்டியை இரண்டு முறை படித்தேன். அவன் அந்த முன்னுரைக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறான் என்று எனக்குப் படுகிறது.

பீலுக்கும் அடி விழுந்திருக்கிறது. 1967ல், கப்பலிலிருந்து ஒலிபரப்பான ரேடியோ லண்டனில் இருந்தபோதே அவர் மார்க் போலன் என்ற இங்கிலாந்துப் பாடகரின் பாட்டுகளைப் போட்டார். போலனுடைய குழுவின் முதல் ஆல்பத்தில் ஒரு கதையை வாசிப்பது பீலின் குரல்தான். அவ்வளவு நெருக்கம். 1971ல் போலன் உச்சத்துக்குப் போனபோது, அவருடைய புதுப் பாட்டு பிடிக்கவில்லை என்று பீல் வெளிப்படையாகச் சொன்னார். நட்பு முறிந்தது. நண்பன் வேறு, பாட்டு வேறு என்று பிரித்துப் பார்க்க இரண்டு பேராலும் முடியவில்லை.

தி ஃபால் என்ற இங்கிலாந்து ராக் குழுவோடு பீலுக்கு இருந்த உறவு வேறு மாதிரி. 1978 முதல் 2004 வரை பீலின் நிகழ்ச்சிக்காக அவர்கள் 24 முறை வந்து பாடிப் பதிவு செய்தார்கள். குழுவின் தலைவர் மார்க் இ. ஸ்மித் குழைந்து நன்றி சொல்கிற ஆள் கிடையாது. பீல் அவரை நேரில் சந்தித்ததும் சில தடவைதான். பி.பி.சி. ஸ்டுடியோவில் ஒரு நாள் கொடுப்பார்கள், பெரும்பாலும் நாலு பாட்டு. குழு தனக்குப் பிடித்ததைப் பாடிவிட்டுப் போகும். பீல் அதை முழுசாக ஓடவிடுவார். 2004ல் பீல் இறக்கிற வரை இது நீடித்தது. எனக்கு இந்த இரண்டாவது உறவுதான் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் என்னை உறுத்தியது. அவன் இப்போது கேரம் போர்டைப் பற்றிப் பாடுகிறான், பாக்ஸிங்கைப் பற்றிப் பாடுகிறான். பழைய வேகம் சிலவற்றில் இல்லை, ஆனால் கேரம் பாட்டில் குரல் புதிதாக எங்கேயோ போகிறது. நீங்கள் அதில் ஒன்றைக்கூடக் குறிப்பிடவில்லை. கேட்டீர்களா? கொஞ்ச நாளைக்குப் போன் செய்யாதீர்கள். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, எந்த வரி பிடித்தது, எந்த வரி பிடிக்கவில்லை என்று மட்டும் ஒரு மெசேஜ் போடுங்கள். பழசு எதுவும் அதில் வேண்டாம். பதில் வராமல்கூடப் போகலாம், சரி, அதற்காக அடுத்த பாட்டைக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

அந்த டீ மாஸ்டர் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார். பையனின் பெயர் அவருக்குத் தெரியும், அந்த ராத்திரி பாட்டைப் போட்டது யார் என்று தெரியாது. போன வாரம் உங்கள் பெயரைச் சொன்னேன்.

அன்புடன்,
அண்ணன்