9 டிபிஐ அன்டெனாவும் 20 சென்டிமீட்டரும்

மாட்டுக் கொட்டிலில் வைத்த கேமராவின் வைஃபை வீட்டுக்கு எட்டவில்லை, 9 டிபிஐ (அன்டெனா அலையைக் குவிக்கும் திறனின் அளவு) அன்டெனா பூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். பூட்டாதீர்கள். உங்கள் வைஃபை மொட்யூலின் அங்கீகாரத் தாளில் 2 டிபிஐ என்று இருந்தால், அதே வகையில் அதற்கு மேற்படாத அன்டெனாவுக்கு மட்டுமே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் அங்கீகாரம் செல்லும்.

மஸ்கெலியாவில் மாட்டுக் கொட்டிலிலுள்ள இஎஸ்பி32-கேம் என்ற அந்தச் சிறு வைஃபை கேமராப் பலகை, 80 மீட்டர் கீழேயுள்ள லயக் காம்பராவுக்குப் படம் அனுப்பாததற்கு வேறு காரணம் இருக்கலாம். அந்தப் பலகையில் அன்டெனா முனைக்கு அருகே பொடிசான பூச்சிய ஓம் தடை (ரெசிஸ்டர்) ஒன்று உண்டு. அது பலகையிலேயே அச்சிட்ட அன்டெனாவின் பக்கம் இருந்தால், வெளியே எதைப் பூட்டினாலும் வீண். பூதக்கண்ணாடியால் பாருங்கள். நானும் இரண்டு அன்டெனா வாங்கிய பிறகுதான் பார்த்தேன்!

தடை வெளி அன்டெனாவின் பக்கம் இருந்தால், ரவுட்டரிலிருந்து பத்து மீட்டரில் வைத்து ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேரும் சிக்னலின் பலம்) அளவைக் குறியுங்கள். பிறகு கொட்டிலில் அளந்து பாருங்கள். பத்து மீட்டரில் நன்றாக இருந்து, அங்கே -85 டிபிஎம்முக்கும் கீழே போனால் வழியிலுள்ள மண்மேடும் மழையில் நனைந்த சவுக்கு மரங்களும்தான் எதிரி. கேமராப் பெட்டியை உயர்த்திக் கட்டுங்கள்.

பால் கறக்கும் அம்மாவுக்கு இந்த அலையால் ஆபத்தா என்றும் கேட்டிருந்தீர்கள். அனுப்பும் சக்தி 100 மில்லிவாட்டும் அன்டெனா 2 டிபிஐயும் என்றால் 20 சென்டிமீட்டரில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.3 வாட். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐசிஎன்ஐஆர்பி பொதுமக்களுக்கு வைத்த எல்லை 10 வாட். தூரம் இரட்டித்தால் அந்த 0.3 வாட்டும் காற்பங்காகும். தலை உரசும் தூணில் மட்டும் கட்டாதீர்கள்.

அன்டெனாவைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுக்க வேண்டாம்; அனுப்பும் பகுதி பழுதாகலாம்.